பீரோவில் படுத்திருந்த பர்பன்

ஒரு பாட்டிலை விசாரிப்பதற்காக வாடகைக் கார் எடுத்துக்கொண்டு முந்நூற்றறுபது கிலோமீட்டர் போய்வந்த ஒரே ஆள் தென்னிந்தியாவில் நான்தான். வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும், பார்க்கிறேன்.

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை. திருச்சியில் வெயில் எப்படி என்றால், எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட வடகம் எண்ணெயைக் காணாமலே பொரிந்துகொண்டிருந்தது. அந்த வெயிலில் நான் ஏன் பெரம்பலூர், அரியலூர் வழியாக வரதராசன்பேட்டைக்குக் கிளம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் என்னைச் சந்தேகப்படுவீர்கள்.

என் மனைவி ரோஸ்லினுக்கு இரண்டு சகோதரர்கள். அண்ணன் மரியதாஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வரதராசன்பேட்டையில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். தம்பி சவரிமுத்து, ஆண்டிமடத்தில் பைக் மெக்கானிக். இருவரும் ஒரே வீட்டில், முன்பக்கம் பின்பக்கமாகக் குடியிருக்கிறார்கள். மரியதாஸின் மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறான். போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஒரு பர்பன் பாட்டில் கொண்டுவந்தான். பர்பன் என்றால் வேறொன்றுமில்லை, அமெரிக்காக்காரன் மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் கருக்கிய மரப் பீப்பாயில் ஊறவைக்கும் விஸ்கி. ஆனால் இந்தப் பாட்டில் சாதாரணப் பாட்டில் இல்லையாம். விடியற்காலையில் கடை வாசலில் வரிசையில் நின்று, குலுக்கலில் பெயர் விழாமல், கடைசியில் வெளியாளிடம் ஆறு மடங்கு விலை கொடுத்து வாங்கினானாம். ரேஷன் மண்ணெண்ணெய்க்குக்கூட ஆறு மடங்கு கேட்டால் நம் ஊரில் சாலை மறியல் நடக்கும்.

அந்தக் கிறிஸ்துமஸ் ராத்திரி சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். மரியதாஸ் மட்டும் தொடவில்லை. அவர் ஜென்மத்தில் குடிக்காதவர், அதைத் தினமும் யாரிடமாவது சொல்லிக்கொள்கிறவர். மிச்சம் முக்கால் பாட்டில். லேபிள் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, பாட்டிலைத் தன் பீரோவில் பூட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுவார், கொடுக்க மாட்டார்.

இந்த ஈஸ்டருக்கு விருந்தாளி ஒருவருக்குக் காட்டலாம் என்று எடுத்துப் பார்த்தால், அளவு கோட்டிலிருந்து நான்கு விரல்கடை இறங்கியிருக்கிறது. பீரோ பூட்டியபடி இருக்கிறது. சாவி அவரிடமே இருக்கிறது. ஆனால் அந்தப் பீரோ பூட்டு ஒருமுறை மாட்டிக்கொண்டபோது சைக்கிள் கம்பியை விட்டுத் திறந்து கொடுத்தவன் சவரிமுத்து. அதோடு அவன் ஒரு காலத்தில் குடித்த குடிக்கு ஆண்டிமடத்து நிலத்தடி நீர்மட்டமே மாறியிருக்கும். போன வருஷம் தவக்காலத்தில் ஏலாக்குறிச்சி மாதா கோவிலில் சத்தியம் செய்து நிறுத்தினான். மரியதாஸ் எல்லோர் முன்னாலும் தம்பியைப் பார்த்து, "ஒன்னத் தவிர இந்த வூட்டுல இதுக்கு யாருடா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். சவரி இல்லை என்றான். அவன் மனைவி பிலோமினா மறுநாள் பெரம்பலூரில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மாதமாகத் திரும்பவில்லை.

இதில் நான் எங்கே வருகிறேன்? மூன்று வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் என்னை ஒரு பர்பன் ஆலைக்குக் கூட்டிப்போனார். நாற்பது நிமிடம் நடந்தேன், மூன்று முறை நாக்கு நனைத்தேன். அன்று முதல் காவிரிக்கும் வெள்ளாற்றுக்கும் இடையில் பர்பன் பற்றிய கடைசித் தீர்ப்பு என்னுடையது. மரியதாஸ் போனில் கூப்பிட்டார். "மாப்ளே, தண்ணி கலந்து வெச்சிருக்கானான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்." ரோஸ்லின் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒரு தடவ ஃபேக்டரிக்குள்ள நடந்ததுக்கு இவ்ளோ பெரிய உத்தியோகமா? போயிட்டு வாங்க. ஆனா எந்தம்பிய அழ வெச்சிட்டு வந்தீங்கன்னா ஒங்களுக்கு ராத்திரிச் சோறு கெடையாது."

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கார் கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய், டிரைவர் பேட்டா நானூறு, டோல் தனி. டிரைவர் செல்வம் நல்ல பையன், ஆனால் கண்ணாடியில் என்னை அடிக்கடி பார்த்ததால் அவன்மேலும் எனக்கு லேசான சந்தேகம் இருந்தது. பையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஏர்போர்ட்டில் வாங்கிய சாதாரண பர்பன் ஒன்று, சின்ன பாட்டில், சீல் உடைக்காதது. பாடாலூரில் சாலையோரம் டீ, பதினைந்து ரூபாய். ஊற்றியதில் பாதி நுரை. இதைக் கடைக்காரரிடம் சொன்னேன். "நொரைக்குக் காசு வாங்கலீங்க சார், டீக்குத்தான்" என்றார். அந்தப் பதிலும் சந்தேகத்துக்குரியதே.

பெரம்பலூரைத் தாண்டிப் பதினேழு கிலோமீட்டர் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை. பிலோமினா பத்து மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பேன் என்று சொல்லியிருந்ததால் அங்கே போனோம். நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிறது. அகழி, அடுக்கடுக்காகச் சுவர், மேலே ஏறினால் நாலா பக்கமும் வெட்டவெளி. எட்டு மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், அப்புறம் கல் சுடும். செல்வம் மேலே நின்று, "இவ்ளோ சொவரு கட்டியும் எப்புடி சார் புடிச்சாங்க?" என்று கேட்டான். "உள்ளேயிருந்து யாராவது கதவைத் திறந்திருப்பார்கள்" என்றேன். சரித்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் அன்று நான் எதைப் பார்த்தாலும் உள்ளாள் வேலை என்றுதான் தோன்றியது.

பெரம்பலூர்ச் சாலை நெடுகிலும் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு. அந்த அமெரிக்க ஆலையில் வழிகாட்டிப் பெண் ஒரு கைப்பிடிச் சோளத்தை எடுத்து, கோவில் பிரசாதம் மாதிரி எங்களுக்குக் காட்டினாள். இங்கே அதே சோளம் மூட்டை மூட்டையாக நாமக்கல் கோழிக்குப் போகிறது. கோழி அதைத் தின்று முட்டை போடுகிறது. அந்த முட்டைக்கு யாரும் குலுக்கல் போடுவதில்லை.

பிலோமினாவின் அம்மா வீடு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். வாசல் அறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தாள். மோர் கொடுத்தாள். நான் உட்கார்ந்ததும் மெஷினை நிறுத்தவில்லை, தைத்தபடியே பேசினாள்.

"எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லட்டும்ணே, அதக்கூடத் தாங்கிப்பேன். எடுக்கலைங்கறாரு. முன்னயும் இப்புடித்தான் சொல்லுவாரு, வாயி நாறிக்கிட்டே."

"இப்போது நாறியதா?"

"இல்ல. அதாண்ணே கொழப்பமா இருக்கு." மெஷின் நின்றது. "நீங்க போய்ப் பார்த்து என்னன்னு சொல்லுங்க. எடுத்தாருன்னா இங்கயே இருந்துக்கறேன், தையல் ஓடுது. எடுக்கலன்னா, நம்பாம வந்துட்டேனேன்னு நான்தான் அவரு மூஞ்சில முழிக்கணும். ரெண்டுல ஒண்ணு தெரியணும்ல?"

"ஏன் என்னை நம்புகிறாய்?"

"நீங்கதான் யாரயும் நம்ப மாட்டீங்களே. பாலக்கரையில எளநி வாங்கி, உள்ள தண்ணி கம்மியா இருக்குன்னு கடைக்காரன்கிட்ட சண்ட போட்டீங்கன்னு அண்ணி சொன்னாங்க."

அது உண்மைதான். அந்த இளநீரில் தண்ணீர் குறைவாகத்தான் இருந்தது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் போனால் அறுபது மாதிரி இருக்கும். அரியலூரில் பூமிக்குள் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் கடல் இருந்த இடம். சாப்பாட்டுக் கடையில் சைவச் சாப்பாடு நூறு ரூபாய், குழம்பு மோசமில்லை. குடிக்க வைத்த தண்ணீரில் உப்புக் கரிப்பு. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த ஆலையில் பர்பனின் ரகசியம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது என்ன தெரியுமா? சுண்ணாம்புக்கல் பாறை வழியாக ஊறிவரும் தண்ணீர். எங்கள் கூட்டத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டினார். அரியலூரில் அதே பாறைத் தண்ணீரால் வாளியெல்லாம் வெள்ளைப் படை படிந்து, வீட்டுக்கு வீடு திட்டிக்கொண்டே தேய்க்கிறார்கள். சோளம் பெரம்பலூரில், தண்ணீர் அரியலூரில், ஒரு பீப்பாய் மட்டும் கிடைத்துவிட்டால் அமெரிக்கா நம் வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

ஜெயங்கொண்டம் வழியாக ஆண்டிமடம், அங்கிருந்து சிறிது தூரத்தில் வரதராசன்பேட்டை. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு, கீழே பழம் உதிர்ந்து புளித்த வாசனை. மதியம் இரண்டு மணிக்கு மரியதாஸ் வீடு.

"வாங்க மாப்ளே, வாங்க. மொதல்ல காபி." மரியதாஸ் மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை உறிஞ்சிவிட்டு என்னை வரவேற்றார். முப்பது வருஷப் பொடிப் பழக்கம். அவர் மூக்குக்கு மல்லிகையும் மாட்டுச் சாணியும் ஒன்றுதான். காபியோடு ஒரு தட்டில் நெய்யில் வறுத்த முந்திரி வந்தது. ஒன்று போட்டேன். சாதாரண முந்திரி இல்லை. லேசான இனிப்பு, காய்ச்சிய வெல்லம் மாதிரி, அடியில் ஏதோ மர வாசனை. நான் பதினெட்டு சாப்பிட்டேன். செல்வம் அதற்கு மேல்.

"போன வருசத்துப் பருப்பு," என்றார் மரியதாஸ் பெருமையாக. "நம்ம தோப்பு மண்ணுவாசி. ராத்திரி படுக்கறதுக்கு முன்ன பச்சையாவே ஏழெட்டு சாப்புடறேன் மாப்ளே, தூக்கம் பிச்சிக்கிட்டு வருது. மாத்திரையெல்லாம் விட்டாச்சு. மாதா கோயில் சாமியார்கிட்டகூடச் சொன்னேன்."

சவரிமுத்து பின்பக்கத்திலிருந்து வந்து கதவோரம் நின்றான். கையில் கிரீஸ். "வாங்க மச்சான்" என்றான், அவ்வளவுதான். நான் எழுந்துபோய் அவனைக் கட்டிப்பிடித்தேன். பாசம் என்று நினைத்திருப்பான். நான் மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாசனை மட்டும்தான் வந்தது.

மரியதாஸ் ஜெபமாலையோடு கோத்திருந்த சாவியை எடுத்து பீரோவைத் திறந்தார். பாச்சை உருண்டை நெடி என்னை ஒரு அடி பின்னால் தள்ளியது. நடுத்தட்டில், வேட்டிகளுக்கு இடையே, கம்பி அடுக்கின்மேல், பாட்டில் படுத்திருந்தது.

"ஏன் படுக்க வைத்திருக்கிறீர்கள்?"

"வெலை ஒசந்த பாட்டிலெல்லாம் படுக்க வெச்சுதான் மாப்ளே இருக்கும். மொபைல்ல பார்த்தேன். வரிசையாப் படுத்திருந்துச்சு."

"அது ஒயின்."

"ஒயினவிட இது வெலை ஜாஸ்திதானே?"

பாட்டிலை நிமிர்த்திக் கார்க்கைத் திருகினேன். பாதி என் கையோடு வந்தது, பாதி தூளாக உள்ளே விழுந்தது. ஒயின் வேறு, விஸ்கி வேறு. விஸ்கியின் வீரியம் கார்க்கைத் தின்றுவிடும். படுக்க வைத்தால் ஒன்றரை வருஷத்தில் கார்க் பஞ்சாகிவிடும். "ஒழுகியிருக்கிறது" என்றேன்.

மரியதாஸ் சிரித்தார். "ஒழுகுனா கீழ ஈரமாவணும்ல? அடித்தகட்டத் தொட்டுப் பாருங்க." தொட்டேன். கொடியில் காய்ந்த துணி மாதிரி இருந்தது. "நாப்பது வருசம் பசங்க சொல்ற பொய்யக் கேட்டவன் நான். ஒழுகுச்சாம்." சவரி தரையைப் பார்த்தான்.

சரி, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டு எவர்சில்வர் டம்ளர் கேட்டேன். ஒன்றில் இந்த மகாராஜா, ஒன்றில் என் ஏர்போர்ட் சாதாரணம். எது எது என்று எனக்குத் தெரியக்கூடாது, நான் திரும்பி நிற்கிறேன், யாராவது ஊற்றுங்கள் என்றேன். கார்க் தூள் விழாமல் வடிகட்டி ஊற்ற வேண்டும். மரியதாஸ் ஜென்மத்தில் ஊற்றாதவரும்கூட. "சவரி, நீ ஊத்துடா" என்றார்.

சவரி நகரவில்லை. "என் கையால வேணாம்ணே."

"ஏன், ஊத்துனா என்ன?"

"வாசம் வருதுண்ணே. கிட்ட நின்னன்னா எனக்கு என்னா ஆவும்னு எனக்கே தெரியாது. மச்சான், நீங்க தப்பா நெனச்சாலும் பரவால்ல." அவன் வெளியே போய்த் தோப்பில் ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டி நின்றான். நான் அதுவரை கேட்கத் தயாரித்து வைத்திருந்த ஒன்பது குறுக்குக் கேள்விகளில் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை.

செல்வம் ஊற்றினான். நான் உலகப் புகழ்பெற்ற என் மூக்கை நுழைத்தேன். முதல் டம்ளர் அருமை: வெல்லப்பாகு, மரம், தொண்டையில் சூடு. இரண்டாவதில் பழைய அட்டைப்பெட்டி வாசனை. நாக்கில் ஏறுகிறது, ஆனால் வாசம் போய்விட்டது. தண்ணீர் கலந்தால் சூடு குறையும். இதில் சூடு குறையவில்லை, உயிர்தான் இல்லை. முதல் டம்ளரைத் தூக்கி, "இதுதான் ஆறு மடங்கு" என்று தீர்ப்பளித்தேன்.

"அது ஒங்க பாட்டிலு சார்," என்றான் செல்வம்.

நிபுணரின் மானம் காற்றில் பறந்தது. மரியதாஸின் முகம் அதைவிட மோசம். அந்தச் சங்கடத்தை மறைக்கத் தட்டில் கடைசியாகக் கிடந்த முந்திரியை வாயில் போட்டேன். வெல்லப்பாகு. மரம். மகாராஜாவின் உயிர் பாட்டிலில் இல்லை, என் கடைவாய்ப் பல்லில் இருந்தது.

"மச்சான், இந்த முந்திரியை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"பீரோவுலதான். பையில, பாட்டிலுக்குக் கீழ. ஏன்?"

கம்பி அடுக்குக்குக் கீழே, பாட்டில் வாய்க்கு நேராக, ஒரு துணிப்பை. ஐந்து கிலோ பருப்பு பிடிக்கும், இப்போது அரைக்கால்வாசி மிச்சம். அதன் மேல்பக்கத்தில் சப்பாத்தி அகலத்துக்குப் பழுப்புக் கறை, ஓரத்தில் கார்க் தூள். அடித்தகடு ஏன் காய்ந்திருந்தது என்பது புரிந்துவிட்டது. சொட்டுச் சொட்டாக விழுந்ததைப் பை குடித்தது, பருப்பு குடித்தது, பருப்பை மரியதாஸ் சாப்பிட்டார். பையை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. செல்வத்திடம் நீட்டினேன்.

"ஐயய்யோ," என்றான் செல்வம். "நான் வண்டி ஓட்டணும் சார்."

வறுத்ததில் போதை எல்லாம் போயிருக்கும், வாசனைதான் மிச்சம் என்று அவனைத் தேற்றினேன். இருந்தாலும் தண்ணீரும் டீயும் கொடுத்து ஒரு மணி நேரம் படுக்கவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பச்சைப் பருப்பிலும் ராத்திரித் தூக்கம் வரும் அளவுக்கு எதுவும் இருந்திருக்காது. அதெல்லாம் மனது செய்கிற வேலை. ஆறு மடங்கு விலை கொடுத்தவனுக்கு ருசி ஆறு மடங்கு தெரிகிற மாதிரி, மண்வாசியை நம்பியவருக்குத் தூக்கம் வந்திருக்கிறது.

மரியதாஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட இத எப்புடி மாப்ளே சொல்றது?" என்றார்.

"அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் தோப்பில் நிற்கிறவனிடம் சொல்லுங்கள்."

எழுந்துபோனார். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயன்றேன், ஜன்னல் தூரம். சவரி திரும்பிப் பார்த்தது தெரிந்தது. அப்புறம் அண்ணன் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் கை கிரீஸைத் துடைத்துக்கொண்டான். வேறு நாளாக இருந்தால் அந்தத் துண்டுக்கு ஒரு ரகளை நடந்திருக்கும். அன்று மரியதாஸ் அதை அப்படியே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பெரம்பலூர். சாட்சியாகத் துணிப்பையைக் கொண்டுபோயிருந்தேன். கார்க், கம்பி அடுக்கு, கறை என்று பிலோமினாவிடம் முழு வாதத்தையும் எடுத்து வைத்தேன். அவள் பையை ஒருமுறை மோந்து பார்த்து ஓரமாக வைத்தாள்.

"அவர ஊத்தச் சொன்னீங்களாண்ணே?"

"உன் பெரிய மச்சான் சொன்னார்."

"ஊத்தலையா?"

"வெளியே போய்விட்டான். எனக்கே என்ன ஆகும் என்று தெரியாது என்றான்."

அவள் மெஷினுக்கு உறை போட்டாள். "முன்னல்லாம் எனக்கு ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொல்லுவாரு," என்றாள். "காலைல மொத பஸ்ஸுல வரேன்னு... வேணாம். நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன். நீங்க மோர் குடிங்க."

நான் கொண்டுபோன பை, கறை, நாற்பது நிமிட ஆலை அனுபவம் எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. இதில் எனக்குச் சிறிது வருத்தம்தான்.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கார் செலவு எனக்கு ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு பஸ் அடிக்கடி உண்டு, அரியலூருக்கு ரயிலே இருக்கிறது, அங்கிருந்து ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் என்று மாறிப் போகலாம். மே மாதத்தைத் தவிர்க்கலாம், ஆனால் முந்திரி அப்போதுதான் வரும். பருப்பை நேராகத் தோப்புக்காரரிடம் வாங்குங்கள், மோந்து பார்த்து வாங்குங்கள்.

பாட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு: நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் சூடும் படாத இடம். பாதிக்குக் கீழே போனால் உள்ளே காற்று அதிகமாகி வாசனை செத்துவிடும், அப்போது திருகுமூடி போட்ட சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மாற்றுங்கள். திறந்ததை வருஷக்கணக்கில் காட்சிக்கு வைக்காதீர்கள், நல்ல ஆட்கள் வரும்போது முடித்துவிடுங்கள். விலையைக் கேட்டு வாங்காதீர்கள், கண்ணை மூடி ருசி பார்த்து வாங்குங்கள். நானே தோற்றேன், நீங்கள் எம்மாத்திரம். வீட்டில் குடியை விட்டவர் ஒருவர் இருந்தால், பாட்டிலே வேண்டாம். பூட்டி வைப்பதும் வேண்டாம், கோடு போடுவதும் வேண்டாம்.

மரியதாஸ் மிச்சத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கார்க் தூளை வடிகட்டி, சின்னப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, நிமிர்த்தி வைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், அளவுக்குச் சரியாக, ரோஸ்லின் கையெழுத்தில், மார்க்கர் பேனாவால் ஒரு கோடு.